அக்காவின்ர பிரஷர் தூள்

எங்கட அக்கா வாய் ஓயாத மனுசி. வெள்ளவத்தை மாக்கெட்டில மீன்காரரோட சிங்களத்தில சண்டை பிடிச்சுப்போட்டு, அதை வீட்டை வந்து எனக்குத் தமிழில ஒருக்கா நடிச்சுக் காட்டினால்தான் அவவுக்கு மீனைக் கழுவவே மனம் வரும். அப்பிடிப்பட்டவ மூண்டு மாசமாக் கதையில்லை. சாப்பாடு இறங்கேல்லை. யன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தா. "என்னக்கா?" எண்டு கேட்டால், "ஒண்டுமில்லையடி" எண்டுவா. வயசு போகுது, மகனும் கனடாவில எண்டு சொந்தக்காரர் ஆளுக்கொரு காரணம் சொல்லிச்சினம். எனக்கெண்டால் ஒரே பயம். அக்கா என்ர கண்ணுக்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமா இல்லாமல் போறா எண்ட பயம்.

நான் ஏ.எல். சோதனை எடுக்கிற பிள்ளையளுக்கு உயிரியல் ரியூஷன் குடுக்கிறனான். ஒரு சனிக்கிழமை பின்னேரம், வகுப்புத் தொடங்க முன்னம் ரியூஷன் நிலையத்தில இருந்து, மூளையில டோபமின் என்ன செய்யுது எண்டு நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தன். ஒரு வேலையைத் தொடங்கவேணும், ஒண்டை ஆசைப்பட்டுத் தின்னவேணும் எண்ட உந்துதலுக்கு அது வேணும். நரம்பு முனையில குட்டிக் குட்டிப் பைகளில அது சேர்ந்து கிடக்கும். அதில கைவைக்கிற தாவர இரசாயனம், அல்கலொய்ட், ஒண்டை உதாரணத்துக்குத் தேடினன். வந்து விழுந்தது ரெசர்ப்பின், சர்ப்பகந்தா வேரில இருக்கிற சாமான். அது டோபமினையும், பிரஷரை ஏத்துற நோஅட்ரினலினையும் பைக்குள்ள போகவிடாது. வெளியில நிக்கிறதை நொதியங்கள் உடைச்சுத் தள்ளும். கொஞ்ச நாளில கையிருப்பே தீர்ந்துபோம். பிரஷர் இறங்கும், சிலருக்கு மனமும் சேர்ந்து இறங்கும். அட, என்ன வடிவான உதாரணம் எண்டு துள்ளிக்கொண்டு கீழ வாசிக்கிறன், அந்தச் செடிக்குச் சிங்களத்தில பேர் ஏகவெரிய எண்டு கிடக்குது.

ஐயோ கடவுளே! அந்தப் பேரை நான் ஒவ்வொரு நாளும் காலமை பாக்கிறன். அக்காவின்ர பிரஷருக்கெண்டு நாலு மாசத்துக்கு முன்னம் கொட்டாஞ்சேனையில ஒரு மருந்துச் சரக்குக் கடையில நான்தான் அந்தத் தூளை வாங்கினனான். போத்தலில இருந்த சிங்கள லேபிளை எழுத்துக்கூட்டி வாசிச்சனான், என்ன செடியெண்டு தேடினனோ? இல்லை. "மூலிகைதானே, ஒண்டும் செய்யாது" எண்டு பெரிய படிச்ச ஆள் மாதிரிச் சொல்லி, டொக்டர் தந்த குளிசையையும் நிப்பாட்டி வச்சவள் நான்.

வகுப்பும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு பஸ்ஸும் காருமாக் கிடக்கிற காலி வீதியால வீட்டை ஓடினன். ஒரு பக்கம் வெக்கம், மற்றப் பக்கம் கத்தவேணும் போல சந்தோசம். கண்டுபிடிச்சிட்டன்! அக்காவுக்கு வயசுமில்லை, கனடாவுமில்லை! போத்தலோட அவவை அப்பிடியே கொள்ளுப்பிட்டியில எங்கட டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போனன். அவர் லேபிளைப் பாத்துப்போட்டு, "ஓம், இதாத்தான் இருக்கும்" எண்டு சொல்லித் தூளை நிப்பாட்டி வேற குளிசை எழுதினார். தெளிய ஒரு சில கிழமை எடுக்கும் எண்டார்.

மூண்டாம் கிழமை ஒரு காலமை அக்கா தானாவே ரெண்டாந்தரம் இடியப்பம் எடுத்துப் போட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது. "என்னை மன்னியுங்கோ அக்கா, எனக்குத் தெரியாமல் போச்சு" எண்டன்.

"எனக்குத் தெரியும்," எண்டா அவ. "குடிக்கத் தொடங்கி ஒரு மாசத்திலேயே தெரியும், அந்தத் தூள்தான் என்னைப் பிடிச்சு அமுக்குது எண்டு."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"

"நீ வெள்ளெனவே எழும்பித் தேனில குழைச்சு, நான் விழுங்குமட்டும் முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பாய். எப்பிடியடி வேண்டாமெண்டுறது?"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "விசர் மனுசி!" எண்டு கத்திக்கொண்டே அவவைக் கட்டிப்பிடிச்சன்.