பால் பொங்கிய பக்கம்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்கள் கையில் இருக்கும் இந்த மலரில் என் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான், வேறு ஆளில்லை. ஆயுசுக்கும் "அவ, இவ" என்று பேசிவிட்டு இப்போது "அவர்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அச்சில் வருவது, மரியாதையாக எழுது என்று என் கணவர் உத்தரவு போட்டிருக்கிறார். ஆகவே அக்கா இதில் "அவர்" ஆகவே வருவார். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா மேல் எனக்குப் பொறாமை. "இருந்தது" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எதற்கு, இன்னும் இருக்கிறது.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், கால்வாய்க் கரையில் எங்கள் விறகுத்தொட்டியை ஒட்டியிருந்த வீட்டில். தெற்கேயிருந்து சவுக்குக் கட்டைகள் பாய் விரித்த படகுகளில் வந்து இறங்கும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் அவற்றை எடைபோட்டு விற்பார். படகு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். இருவரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். ஒரே துணியில் எடுத்த பாவாடை அக்காவுக்கு அழகாக நிற்கும், எனக்குச் சாக்கு மாதிரி தொங்கும். அம்மாவிடம் போய் அழுதால், "அது துணியோட குத்தமாடி?" என்பார்.

நைனாவுக்காகப் படகில் போய் விறகு வாங்கிவருபவருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள், அக்கா புருஷன் என்பதால் எனக்கு அவர் மாமா. எனக்கு வாய்த்தவர் ஆபீஸ் உத்தியோகஸ்தர். அதிர்ஷ்டம் சின்னவளுக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா புகுந்த வீடு மந்தைவெளியில். மாமாவின் அண்ணன் தம்பிகள், அவர்கள் பெண்சாதிகள், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமிருக்காது. புருஷனும் பெண்சாதியும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு குளக்கரைக்குத்தான் போக வேண்டும். மாமாவோ மாதத்தில் பாதி நாள் கால்வாயில் இருப்பார். பழைய படகு ஒன்றைச் சொந்தமாக வாங்கி அதிலேயே குடியிருந்துவிடலாம் என்று இருவரும் ஏதோ ஒரு நாள் அந்தக் குளக்கரையில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

நைனா குதித்தார். "குடும்பப் பொம்பள படகுல குடித்தனம் பண்ணுவாளா? ஊரு இன்னா பேசும்?"

"ஊரு கரையில நின்னு பேசிகினு இருக்கட்டும், நைனா. நாங்க போய்க்கினே இருப்போம்" என்றார் அக்கா.

விலைக்கு இரண்டு படகுகள் மயிலாப்பூர்த் துறையில் நின்றன. ஒன்று புதிதாகத் தார் பூசி, பளபளவென்று, நேற்றுத்தான் செய்தது போல் இருந்தது. மற்றது கிழம். பாயில் ஒட்டுப்போடாத இடத்தைத் தேட வேண்டும். நைனாவும் துறையில் இருந்த ஆண்களும் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பளபளப்பானதுதான் நல்லது என்றார்கள். மாமா மட்டும் அக்காவைப் பார்த்தார்.

அக்கா வீட்டுக்குள் போய்க் கும்மட்டி அடுப்பையும் பித்தளைக் குண்டானில் பாலையும் எடுத்து வந்தார். குடிபோகும் வீடென்றால் பால் காய்ச்சிப் பார்க்காமல் எப்படி என்பது அவர் வாதம். முதலில் பளபளப்பான படகில் ஏறினார். கரையில் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"கிழக்கால பொங்கிச்சி. லச்சுமி வந்துட்டா" என்றாள் ஒருத்தி.

அக்கா அடுப்பைத் திருப்பி வைத்து மறுபடியும் பால் ஊற்றினார். அதுவும் கிழக்கேதான் வழிந்தது. கரையில் குலவை போடாத குறை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அடுப்பத் திருப்பி வச்சும் அந்தப் பக்கமே ஊத்துதுன்னா அது லச்சுமி இல்ல. படகு சாஞ்சிகினு கீது. அந்தப் பக்கம் பலகையத் தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினால் அடியில் தண்ணீர் நின்றது. விற்க வந்தவர் வானத்தைப் பார்த்தார்.

கிழட்டுப் படகில் பால் பூப்போலப் பொங்கி, குண்டானைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழிந்து நெருப்பை அணைத்தது. அப்போதுதான் மாமா, நைனா நிற்கிறார், துறையே நிற்கிறது என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்.

"உனக்குப் புடிச்சிருக்கா?"

அக்கா தலையாட்டினார். படகு முடிவாகிவிட்டது. கரையில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது. படகுக்காக இல்லை. கேட்டாரே, அதற்காக.

ஏனென்றால் அப்போதுதான் எங்கள் வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துப் புதிதாக உண்டாக்கிய தியாகராய நகரில் என் கணவர் மனை வாங்கித் தளம் போட்ட மெத்தை வீடு கட்டினார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமையலறை எந்தப் பக்கம் என்பதை மாமியார் சொன்னார், அம்மி எங்கே என்பதைக் கொத்தனார் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்தில் பாலைப் பொங்கவிட்டவர் மாமியார். நான் குண்டானைக் கழுவினேன்.

அக்காவின் குடித்தனம் அந்தப் படகில் நடந்தது. பின்பக்கம் ஓலைக் கூரை, அதன் கீழ் ஒரு பெட்டி, ஒரு பாய், அடுப்பு. பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்க்க இருவரும் சேர்ந்து பிடிப்பார்கள். காற்று இல்லையென்றால் மாமா கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார், அக்கா சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாடுவார். பாட்டு ஒன்றும் சொல்லும்படி இருக்காது. தெற்கே போய்த் திரும்பும்போதெல்லாம் எனக்கு உப்பும் நண்டும் கொண்டுவந்து கொடுப்பார். கறுத்துப்போய், கையெல்லாம் காய்த்துப்போய், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிதான் அவருக்குப் பொருந்தாதது போல் தெரியும்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. குழந்தை பிறக்கவில்லை. தண்ணீர்மேல் இருந்தால் எப்படித் தங்கும் என்று உறவில் சிலர் பேசினீர்கள். அக்காவுக்குத் தெரியும். அதற்காக உங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. ஒருமுறை புயலில் பாய்மரம் முறிந்து, அந்த மழைக்காலம் முழுவதும் இருவரும் அரை வயிற்றோடு இருந்தார்கள். எங்களிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு ஐப்பசி மழையில், தூர்த்த ஏரிக்குத் தன் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மெத்தை வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவும் மாமாவும் மாட்டுவண்டி பிடித்து வந்து எங்களை அழைத்துப் போய்ப் படகில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீரைத் துரத்திவிட்டுக் கட்டிய வீடு நனைந்தது, தண்ணீரிலேயே கிடந்த வீடு காய்ந்திருந்தது. என் கணவர் ஓலைக் கூரைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து ஆபீஸ் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது என் பிள்ளைகள் வரமாட்டோம் என்று அழுதார்கள். பெற்றவள் நான், அழுதது அக்காவை விட்டுப் போகிறோமே என்று.

போன வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் நின்றது. கரைக்கு வா என்றால் கேட்கவில்லை. படகைத் திருவான்மியூரில் கட்டிவிட்டு மாமா பக்கத்திலேயே இருந்தார். ஒரு நாள் கஞ்சி கொண்டுபோன இடத்தில், அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஒரு வாட்டியாவது என்னப் பாத்து உனக்குப் பொறாம வந்துக்கீதா, அக்கா?"

அக்கா நிஜமாகவே யோசித்தார். "இல்லடி" என்றார்.

"எனக்குக் கொழந்தைங்க கீறாங்க. மெத்த வூடு கீது."

"கொழந்தைங்க சிரிக்கிறப்போ நான் தூக்கிகினேன், அழுதா உன் கையில குடுத்துட்டேன். நல்ல பாதி எனக்குத்தான். வூட்டப் பத்திப் பேசாத, நான் அதைத் தண்ணியோட பாத்தவ."

"ஆறுதலுக்காவது ஒண்ணு சொல்லேன்."

"போற நேரத்துல பொய் சொல்லச் சொல்றியே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அதற்கடுத்த வாரம், நல்ல உச்சிவெயிலில், மாமாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

தினமும் வந்து பார்த்த வைத்தியருக்கும், இளநீரும் மீன்சாறும் கொண்டுவந்த திருவான்மியூர் மீனவப் பெண்களுக்கும், அக்காவைத் தங்கள் படகுகள் சூழ மயிலாப்பூர்த் துறைவரை கொண்டுவந்து சேர்த்த படகுக்காரர்களுக்கும், பந்தலில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்ட மந்தைவெளி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பொறாமையைத் திருத்தவில்லை. அதற்கும் நன்றி.

இத்துடன் முடித்திருக்க வேண்டும். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. தனியாக அந்தப் படகில் இருக்க மாமாவால் முடியவில்லை, விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். படகைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். "அவ இருந்தா பால் காச்சிக் காட்டியிருப்பா. நீ காச்சும்மா" என்று மாமா என்னிடம் அக்காவின் குண்டானைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குடித்தனத்துக்கு நான் பால் பொங்கவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது. அந்தப் பையன் தன் பெண்சாதியிடம், "புடிச்சிருக்கா?" என்றான். பேர்கூடத் தெரியாத அந்தப் பெண் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. கரையில் நின்றிருந்த என் கணவர் படகோரம் வந்து குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார். "உனக்கு இன்னா தோணுது? வேணும்னா சொல்லு, நாமளே வச்சிக்கலாம்."

"வேணாங்க, எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். படகு அந்தப் பிள்ளைகளுக்கே போயிற்று.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஏதாவது நல்லது நடந்தால், முதல் வேலையாக ஓடிப்போய் அக்காவிடம்தான் சொல்லுவேன், அவர் ஒரு தடவையாவது முகம் சுளிக்க மாட்டாரா என்று. இப்போது துறைக்கு ஓடினால் அங்கே வேறொருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அதனால்தான் மரியாதையை விட்டு, எல்லார் கைக்கும் போகிற இந்தத் தாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அவரு என்னையும் கேட்டுட்டாரு. இப்பவாவது கொஞ்சம் பொறாமப்படு.