மூன்று மணி நேரத் தூரம்

அந்த விமான டிக்கெட் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. அந்தப் பக்கம் போனாலே டிக்கெட் அக்காவின் கால் தானாக நின்றுவிடும். அங்கேதான் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து டிக்கெட் எழுதினாள். டிக்கெட்டின் சிவப்புக் கார்பன் ஒட்டி விரல் நுனி எப்போதும் சிவந்திருக்கும். "எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம்?" என்று கேட்காமல் எவரும் எழுந்து போனதில்லை, அவளும் சலிக்காமல் சொல்வாள். பொய் சொல்லி ஒரு டிக்கெட்கூட விற்றதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அதை உடைத்தது பெற்ற தாய்தான்.

தங்கைக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவ்வளவு தூரம் அனுப்ப முடியாதென்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தங்கை சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கிடந்தாள். பார்க்கச் சகிக்காமல் அக்கா டிக்கெட்டை எழுதி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்: புறப்பாடு காலை பத்து, சேர்வது பகல் ஒன்று.

"மூணு மணி நேரம்தானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! உங்க பெரியப்பா வீட்டுக்கு பஸ்ல போகவே அதுக்கு மேல ஆகுமே!"

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். அங்கே கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. பயணம் உண்மையில் பதினோரு மணி நேரம். ஆபீசில் வருவோர் போவோருக்கெல்லாம் இதை விளக்குகிற அக்கா வாயைத் திறந்தாள். தங்கை கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

தங்கை முதல் லீவுக்கு வந்தபோது வில்லங்கமும் கூடவே வந்தது. முந்தின நாள் மத்தியானம் கிளம்பியவள் மறுநாள் காலையில் வந்து இறங்கினாள்.

"வர்றப்ப மட்டும் ஏன்டி இவ்ளோ நேரம்?"

"எதிர்க்காத்தும்மா," என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அம்மா "அப்படியா" என்றதோடு சரி. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "சின்னவ இந்தா இருக்கா, மூணு மணி நேரம்" என்று பீற்றிக்கொள்வாள். கேட்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சுருக்கென்றது.

கல்யாணமாகி அங்கேயே இருந்த தங்கைக்குப் பிரசவ நேரம் நெருங்க, அம்மாவை அக்காவே விமானத்தில் அழைத்துப் போனாள். ஏறியதிலிருந்தே அக்காவின் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. மூன்று மணி நேரம் கடந்தது. அம்மா கேட்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். பாதி வழி தாண்டியும் கேட்கவில்லை. அக்காவால்தான் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஊர் வர இன்னும் நேரமாகும்."

"தெரியும்டி."

"எப்போலேருந்து?"

"அவ போன அன்னிக்கே. போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ணப்ப, அங்க வெயில் கண்ணு கூசுதுன்னா. இங்க நாம விளக்குப் போட்டு எத்தனை நேரமாச்சு! அதுகூடவா தெரியாது எனக்கு?"

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவே. அப்புறம் தினமும் அவளை அவ்ளோ தூரத்துல வெச்சுல்ல நான் நெனைக்கணும்?"