ஈரத்தரை அக்கா கற்ற கொரிய மொழி

எங்கள் ஆபீஸில் தரை துடைக்கும் அக்காவுக்கு ‘ஈரத்தரை அக்கா’ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. மேலதிகாரிகள் எல்லாம் கொரியாக்காரர்கள். போனில் கண்ணை நட்டுக்கொண்டே நடப்பார்கள். ‘ஈரத்தரை, கவனம்’ என்ற மஞ்சள் போர்டைத் தாண்டி ஈரத்தில் கால் வைப்பார்கள். ஒருநாள் ஒருவர் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். உடனே சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்தாம்மா, இனிமே யாராவது விழுந்தா நீ மறுநாள் வேலைக்கு வர வேணாம்.”

விழப்போவது அவர்கள், வேலை போவது இவளுக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. போனில் ஒரு கொரிய மொழிப் பாடத்தைப் பிடித்தாள். ஒன்றைச் செய்யாதீங்க என்று சொல்ல, வினைச்சொல்லின் அடியோடு ‘ஜி மாசெயோ’ சேர்த்தால் போதுமாம். வீட்டு ஆட்களுக்கு ‘ஜி மா’வே தாராளம். ‘ஓஜி மாசெயோ’ என்றால் வராதீங்க. ‘மொக்ஜி மா’ என்றால் சாப்பிடாதே. இதை, வாணலிக்குள் கையை விட்ட கணவர்மேல் பரீட்சை செய்து பார்த்தாள்.

“என்னை எந்த பாஷையில திட்டுறே?”

“திட்டலைங்க, படிக்கிறேன்.”

அந்த ஒரு பாடத்தோடு படிப்பை ஏறக்கட்டினாள். வாங்க என்று சொல்லத்தான் ரிசப்ஷனில் ஒரு பெண் சம்பளம் வாங்குகிறாளே!

அந்தப் பெண் லீவு போட்ட அன்று, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டைரக்டர் வந்தார். பின்னால் ஒரு பட்டாளம். “ஓஜி மாசெயோ!” அக்கா போட்ட சத்தத்தில் என் டீ சிந்தியது. டைரக்டர் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். பட்டாளமும் நின்றது.

தரை காய்ந்தது. அப்போதும் நின்றார்கள். வரச்சொல்ல அக்காவுக்கு வார்த்தை தெரியாது. மாப் குச்சியோடு கையை ஆட்டி அழைத்தாள். துரத்துகிறாள் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினார்கள். அதற்குள் சூப்பர்வைசர் தலைதெறிக்க ஓடி வந்தார். வேலை போச்சு என்று அக்காவுக்கு முகம் வெளிறியது. தெரிந்ததை வைத்துத்தானே பிழைக்க வேண்டும்?

“ஸொஜி மாசெயோ!” நிற்காதீங்க!

டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே வந்தவர், அக்காவைக் காட்டி, சூப்பர்வைசரிடம் கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில் வந்த ‘ஜி மாசெயோ’ மட்டும் என் காதிலும் விழுந்தது.

சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது. “என்னக்கா சொல்றாரு?”

முன்பாதி அக்காவுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் குரல் நடுங்காமல் மொழிபெயர்த்தாள்.

“என்னை வேலையை விட்டு அனுப்பாதீங்கன்னு சொல்றாரு சார்.”