விட்ட இடத்தை மறக்காத பிளேயர்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் தங்கியிருந்த சுடலை, சண்முகசுந்தரம், அருள்பாண்டி என்ற மூன்று திருநெல்வேலிக்காரர்களில் சுடலைதான் சொன்ன சொல் தவறாதவன். கார் கம்பெனியில் மூவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். அதனால் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த துப்பறியும் தொடரை ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. ஒருத்தன் இல்லாமல் மற்றவன் தொடக்கூடாது.

வீடியோ பிளேயரையும் சுடலையே தேடிப் பிடித்தான். ஒன்றில் விளம்பரத் தொல்லை. இன்னொன்றில் பிளேலிஸ்ட் போட்டால் பாகங்கள் முன்னே பின்னே ஓடின. கடைசியில் கிடைத்தது, விட்ட இடத்தை மறக்காமல் அங்கிருந்தே தொடர்ந்தது. "இனி எங்க நிறுத்துனோம்னு தேட வேண்டாம்லே" என்று பூரித்துப்போனான்.

புதன்கிழமை கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோய்ச் சீக்கிரமே அறைக்கு வந்தவன், பாட்டுக் கேட்கலாம் என்று பிளேயரைத் திறந்தான். அது தொடரின் கடைசிப் பாகத்தில், கொலைகாரனுக்கு விலங்கு மாட்டும் இடத்தில் போய் நின்றது. மூவரும் சேர்ந்து பார்த்தது பாதிகூட இல்லை. சுடலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பொறுக்க முடியாம பாத்துட்டோம்' என்று மற்ற இருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் தெரியாதவன்போல் அடுத்த பாகத்தைப் போட்டான். திரையில் கதவு மெல்லத் திறந்தது. சண்முகசுந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அருள்பாண்டி சுடலையின் தோளை இறுக்கிக்கொண்டு, "ஏலே சுடல, உள்ள யாருலே நிக்கா?" என்று நடுங்கினான்.

சுடலை அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தான். "ஒனக்குத்தான் தெரியும்லா, நீயே சொல்லு."