இரண்டு நாள் ஸ்டிரைக், மூன்றாம் நாள் தபால்

போன வாரம் தபால்காரர்கள் ஸ்டிரைக். திங்கள், செவ்வாய் – இரண்டே நாள்.

மாடி வீட்டு ஸ்டெல்லா கவலையோடு இறங்கி வந்தாள். நர்ஸ். குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது. புது பாஸ்போர்ட் தபாலில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை அதை ஏஜென்சியில் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

"எப்ப அங்கிள் வரும்?"

என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டால் விடுவேனா? "ரெண்டு நாள் ஸ்டிரைக்கும்மா. மூணாம் நாள் வந்துரும். சிம்பிள்."

புதன்கிழமை வரவில்லை. மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே... வியாழன் மதியம், "வா, போஸ்ட் ஆபீசுக்கே போய் ஒரு பிடி பிடிக்கலாம்" என்று அவளை ஆட்டோவில் ஏற்றினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

உள்ளே சுவரோரம் மூட்டை மூட்டையாகத் தபால். கவுண்டரில் இருந்த அம்மா கன்னடத்தில் உட்காரச் சொல்லி பெஞ்சைக் காட்டினார். "குத்கொள்ளி சார். முனிராஜு பீட்டுக்குப் போயிருக்காரு, தபால் குடுக்க."

உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம்.

முனிராஜு எங்கள் தெருத் தபால்காரர். சட்டையெல்லாம் வேர்வையோடு வந்தவர், எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க என்ன சார் பண்றீங்க? பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ மாடி ஏறுனேன். பூட்டு."

"இப்ப குடுத்துருங்களேன்."

"வீட்ல வச்சு அவங்க கையிலதான் குடுக்கணும். ரூல் சார்."

பிடி பிடிக்க வந்தவன் பம்மினேன். "ரெண்டு நாள் ஸ்டிரைக்குதானே முனிராஜு?"

"ஸ்டிரைக் பண்ணது நாங்க சார். தபால் பண்ணலையே, அது பாட்டுக்கு வந்துச்சு. பக்கத்து பீட்டுல ஆள் இல்ல, அதையும் நான்தான் நடக்குறேன். ஆள் போடுங்கன்னுதான் ஸ்டிரைக்கே."

நான் மூட்டைகளைப் பார்த்தேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குண்ணா வருவீங்க?" ஸ்டெல்லா கேட்டாள்.

தெருத் தெருவாக நடக்கிற வரிசையில்தான் தபாலை அடுக்குவார்கள். எங்கள் தெரு அவருக்குக் கடைசி. வர நாலு மணியாகும். ஏஜென்சி மூன்று மணிக்கு மூடிவிடும்.

முனிராஜு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்க தெருவுல ஆரம்பிக்கிறேன். இவரு கூப்பிட்டா எங்கயும் போயிராதம்மா."

வெள்ளி காலை பெல் அடித்தது. ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடியே ஆட்டோவுக்கு ஓடினாள். வரிசை கலைந்துபோன தபால் கட்டோடு முனிராஜு வந்த வழியே திரும்பி நடந்தார்.

தபால்காரர்கள் இரண்டு நாள் டெலிவரியை நிறுத்தியது ஒரு கோரிக்கைக்காக. நான் ஒரு நாள் நிறுத்தினேன் – கோரிக்கையே இல்லாமல்.