அடுப்பு இருந்த வண்டி

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள், அஞ்சாவதோடு நின்றவன். கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்த சுற்றுலா வண்டிக்கு நான் டிரைவர். ஆஸ்பத்திரியில் கைவிட்ட ஓர் அம்மாவை, சொந்த வீட்டில் கண்மூட அவரே ஆசைப்பட்டதால், மகன் சென்னையிலிருந்து திண்டுக்கல் தாண்டி இருக்கும் கீரனூருக்கு அதில் கூட்டிப்போனார். வழியில் பால் காய்ச்சி ஊட்டினார். திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிந்தபோது பின்னால் மகன் ‘அம்மா’ என்று கதறும் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

கீரனூர் வீட்டு வாசலில் அவருடைய பெரியப்பா மறித்தார்.

“ரோட்டுல போன உசுரு. வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது.”

மகன் என்னைப் பார்த்தார். நான் வண்டியின் கதவைத் திறந்தேன்.

இறந்தவரின் தங்கை வண்டிக்குள் ஏறிப் பார்த்தார்.

“ஏனுங்க மாமா, கட்டில் இருக்குது, அடுப்புல பால் காய்ச்சின சட்டி இருக்குது. எங்கக்கா வீட்டுலதான் செத்திருக்கா. வழிய விடுங்க!”

பெரியவர் விலகினார்.

அதன்பிறகு அந்த வண்டிக்குள் நான் செருப்போடு ஏறியதில்லை.

எழுதிய நாள்: 20.1.2007