இடது கால்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது லோடு சரிந்து என் வலது கால் நசுங்கியது. அன்றிலிருந்து தாங்கித் தாங்கித்தான் நடக்கிறேன். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்கே அது பழகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. யாராவது என் நடையை உற்றுப் பார்த்தாலே சுருக்கென்று கோபம் வரும்.

அதனால்தான், ஐந்து வயது மகள் ஒருநாள் காலையில் தாங்கித் தாங்கி நடந்து வந்தபோது, என்னைப் போல நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா வேறு, "பாரேன், அப்படியே அப்பன் நடை" என்று சிரித்தார். மகள் முட்டி வலிக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. "அப்பாவையே கிண்டல் பண்றியா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்தால் அவள் இடத்தைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று பெருமை வேறு.

இரண்டு வாரம் கழித்து, அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு எந்தக் கால்?"

"தெரியாத மாதிரி கேக்குற? வலது."

"இவ தாங்குறது இடது. தொடை வேற இளைச்சிருக்கு, பாருங்க."

இரண்டு தொடையையும் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், இடது மெலிந்துதான் இருந்தது.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனோம். "நட பாப்பா" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, நேராகச் சுவர் வரை நடந்தாள்.

"நல்லாத்தானே நடக்குறா?" என்றார் டாக்டர்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "அப்பா அடிக்க மாட்டேன்மா, வலிச்சா எப்படி நடப்பியோ அப்படி நட" என்றேன். அவள் நம்பவில்லை. கடைசியில் நானே எழுந்து முன்னால் தாங்கித் தாங்கி நடந்தேன். "வா, அப்பாகூட வா." சுவரைப் பிடித்தபடி பின்னால் வந்தாள், இடது காலைத் தாங்கிக்கொண்டு.

டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் காலைத் திருப்பினார். வீறிட்டாள். "வலி முட்டில தெரியும், ஆனா கோளாறு இடுப்புல" என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டின் உருண்டைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையாம். எலும்பு மறுபடி உருண்டையாக வளருமா என்பது ஓரிரு வருடம் போனால்தான் தெரியுமாம். "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். "ரெண்டு வாரத்துக்கு மேல" என்றேன்.

ஆட்டோவில் ஏற்ற அவளைத் தூக்கினேன். என் காதருகே வந்து கேட்டாள்:

"நாளைக்கும் இப்படி நடக்கலாமாப்பா?"